கடைசிவரை கரைந்தே கிடக்கும் உலோகம்

"சார், வண்டி பேட்டரிக்குப் போடுத லித்தியத்தைத் தண்ணியில இருந்துதான் எடுக்காங்களாம்லா? உப்பளம் மாதிரியே பாத்தி கட்டி விட்டிருக்கான், போன்ல பாத்தேன். உள்ளதுதானா?"

டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார் அண்ணாச்சி. ஆறுமுகநேரிக்காரர். சென்னையில் கடை போடும்வரை அளத்தில் நின்றவர். உப்பைப் பற்றி அவரிடம் மேலோட்டமாகப் பேசித் தப்பிக்க முடியாது. கூட்டம் குறைந்த நேரம் வேறு. நிதானமாகவே சொல்ல வேண்டியிருந்தது.

உள்ளதுதான் அண்ணாச்சி. லித்தியம் இன்று உலகச் சந்தைக்கு முக்கியமாக இரண்டு வழிகளில் வருகிறது. ஆஸ்திரேலியாவில் ஸ்போடுமீன் என்ற கனிமம் உள்ள பாறையை வெடிவைத்து உடைத்து எடுக்கிறார்கள். சிலி, அர்ஜென்டினா, சீனாவின் சாய்டாம் படுகை போன்ற இடங்களில் நிலத்துக்கு அடியில் இருக்கும் உவர்நீரை பம்பு வைத்து இறைத்து எடுக்கிறார்கள். நீங்கள் பார்த்த பச்சையும் நீலமுமான பாத்திகள் அனேகமாக வட சிலியின் அட்டகாமா உப்புத்தளத்தில் இருப்பவை. பாத்தி கட்டுவதெல்லாம் பிற்பாடு நடக்கிற வேலை. அந்தத் தண்ணீர் மண்ணுக்கடியில் எப்படிச் சேர்ந்தது, அது அங்கே கிடப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

"அப்போ நம்ம கடல் தண்ணியில அது கிடையாதா?"

இருக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 0.18 மில்லிகிராம். உலகக் கடல்கள் அத்தனையையும் கூட்டினால் மலைக்க வைக்கும் கணக்கு வரும். ஆனால் எடுக்கப் போகிறவனுக்கு மொத்தக் கணக்கு உதவாது, ஒரு லிட்டரில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. அளத்தில் தண்ணீரின் அடர்த்தி 25 டிகிரி பாமே வந்தால் உப்பு இறங்கத் தொடங்கும், 29, 30ஐத் தொட்டால் கசப்பு ஏறிவிடும் என்று பாத்தியைத் திறந்துவிடுவார்கள். அப்படித் திறந்துவிடும் கசப்புத் தண்ணீரில் கடலில் இருந்ததைப்போலப் பல மடங்கு லித்தியம் திரண்டிருக்கும். அப்படியும் லிட்டருக்குப் பத்து மில்லிகிராமை எட்டினாலே பெரிது. அதைவிட மோசமான தொல்லை, கூடவே இருக்கும் மக்னீசியம். கடல்நீரில் ஒரு கிராம் லித்தியத்துக்கு ஏறத்தாழ 7,000 கிராம் மக்னீசியம் இருக்கிறது. அந்தக் கசப்பே அதனுடையதுதான். ரசாயன நடத்தையில் இரண்டும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

அட்டகாமா உவர்நீரில் லித்தியம் சராசரியாக லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. சில இடங்களில் இன்னும் பல மடங்கு. மக்னீசியமோ லித்தியத்தைப்போல ஆறேழு மடங்குதான். கடல் காய்ந்து உண்டான உப்புத்தளம் என்றால் இந்த விகிதம் வரவே வராது. ஆக, அந்த லித்தியம் கடலில் இருந்து வந்ததல்ல.

பிறகு எங்கிருந்து வந்தது? எரிமலையில் இருந்து.

ஆண்டிஸ் மலைத்தொடர் நிற்கும் இடத்தில் பசிபிக் கடலடித் தட்டு ஒன்று தென்னமெரிக்காவுக்குக் கீழே சாய்வாகப் புதைந்துகொண்டே போகிறது. அதனால் அங்கே பாறை உருகுகிறது, எரிமலைகள் எழுகின்றன. சிலி, பொலிவியா, அர்ஜென்டினா மூன்றும் சந்திக்கும் மேட்டுநிலத்தில் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிப் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை பிரமாண்டமான வெடிப்புகள் நடந்தன. கொதிக்கும் சாம்பலும் வாயுவும் நிலத்தோடு நிலமாகப் பாய்ந்து படிந்து இக்னிம்பிரைட் என்ற பாறையாக இறுகின. ஒவ்வொரு படிவும் ஒரு மாவட்டத்தையே மூடும் அளவு.

உருகிய பாறைக்குழம்பு ஆறும்போது அதில் இருக்கும் தனிமங்கள் ஒவ்வொன்றாகப் படிகங்களில் போய் அமரும். கால்சியம், சோடியம், பொட்டாசியம், இரும்பு எல்லாவற்றுக்கும் பொருத்தமான கனிமங்கள் உண்டு. லித்தியம் அயனி சிறியது. அதன் மின்னூட்டமும் ஒன்றுதான். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற சாதாரணக் கனிமங்களின் அமைப்பில் அதற்கு இடம் இல்லை. அதனால் மீதிக் குழம்பிலேயே அது தங்கித் தங்கிச் செறிகிறது. அந்த மீதிக் குழம்பு வெடித்துச் சிதறிப் படிகமாக நேரம் இல்லாமல் கண்ணாடியாக உறைந்தால் லித்தியமும் அந்தக் கண்ணாடியில் சிக்கிக்கொள்ளும். எரிமலைக் கண்ணாடி நிலையான பொருள் அல்ல. மழைநீரும் வெந்நீரும் படப்படச் சிதைந்து லித்தியத்தை விட்டுவிடும். அட்டகாமாவுக்கு வடக்கே எல் டாட்டியோ என்ற வெந்நீர் ஊற்றுக் களம் இருக்கிறது. தரைக்குள்ளிருந்து ஆவியோடு பீறிட்டு வரும் அந்தத் தண்ணீரில் லித்தியம் லிட்டருக்குப் பத்துக்கணக்கான மில்லிகிராம். கடலைப்போல நூறு மடங்குக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த மழைநீர் மேலோட்டமாகப் பாறையைக் கரைத்துக் கொண்டுவந்தது எவ்வளவு, ஆழத்து வெந்நீர் கொண்டுவந்தது எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. லித்தியம்-6, லித்தியம்-7 என்ற இரண்டு ஐசோடோப்புகளின் விகிதத்தை வைத்து மூலத்தைத் தேடும் ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன. இரண்டும் சேர்ந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இடத்துக்கு இடம் பங்கு மாறலாம்.

"சரி, கரைஞ்சு வந்த தண்ணி ஆத்துல ஓடிக் கடலுக்குப் போயிருக்கும்லா?"

போயிருக்கும், வழி இருந்திருந்தால். அட்டகாமாவுக்கு வழி இல்லை. மேற்கே டொமெய்க்கோ மலைத்தொடர், கிழக்கே லிகன்காபூர், லாஸ்கார் போன்ற எரிமலைகள் நிற்கும் ஆண்டிஸ். நடுவே கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் உயரத்தில், வடிகாலே இல்லாத பள்ளம். அதன் அடியில் ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உப்பு. உள்ளே வரும் தண்ணீருக்கு வெளியேற ஒரே வழி, மேலே வானம்தான். பள்ளத்தின் நடுவில் மழை ஆண்டுக்கு 20 மில்லிமீட்டர் பெய்தாலே அதிசயம். நீர் ஆவியாகும் வேகமோ அதற்குப் பல மடங்கு. கிழக்கு மலைகளில் கோடையில் பெய்யும் மழையும் பனியும் மண்ணுக்குள் இறங்கி மெல்ல மெல்லக் கீழே வந்து பள்ளத்தின் ஓரத்தில் ஊற்றாக வெளிப்படுகின்றன. தண்ணீர் வானத்துக்குப் போய்விடும், அது கொண்டுவந்தது இங்கேயே தங்கிவிடும். இந்த வரவு லட்சக்கணக்கான ஆண்டுகளாக நடக்கிறது.

இதில் எளிதில் கண்ணுக்குத் தப்பும் நிபந்தனை ஒன்று உண்டு: பள்ளத்தின் தரை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தரை அசையாமல் நின்றால் உப்பும் வண்டலும் நிரம்பி, பள்ளம் தட்டையாகி, ஒருநாள் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் வழிந்துவிடும். அட்டகாமாவில் நிலத்தட்டுகளின் அசைவால் தரை தொடர்ந்து தாழ்ந்தது. அதனால்தான் நடுப்பகுதியில் உப்புப் படிவு பல நூறு மீட்டர் கனத்துக்குச் சேர்ந்திருக்கிறது. உப்புத்தளத்தை வடக்கு தெற்காக வெட்டிச் செல்லும் பிளவு ஒன்றும் உண்டு. அதன் கிழக்குப் பக்கம் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கிறது.

இனி அண்ணாச்சிக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை, அவர்தான் எனக்குச் சொன்னார். தண்ணீர் சுண்டச் சுண்ட எது முதலில் இறங்கும்? சுண்ணாம்பு. அடுத்தது ஜிப்சம். "தெளிய விடுத பாத்தியில அடியில கெட்டிதட்டிக் கிடக்கும், கடப்பாரை போட்டுத்தான் எடுக்கணும்" என்றார். அதன்பின் சோற்றுப்பு. அதற்கும் பிறகு பொட்டாசியம், மக்னீசியம் உப்புகள். இவை ஒவ்வொன்றும் இறங்கி வெளியேற வெளியேற, மிச்சத் தண்ணீரில் லித்தியத்தின் பங்கு கூடிக்கொண்டே போகும். ஒரு லிட்டர் தண்ணீரில் சோற்றுப்பு ஏறத்தாழ 360 கிராமோடு நின்றுவிடும். லித்தியம் குளோரைடோ 800 கிராமுக்கு மேல் கரையும். எல்லாம் கல்லான பிறகும் லித்தியம் மட்டும் கரைந்தே கிடக்கும். எரிமலைக் குழம்பில் படிகம் அதற்கு இடம் தரவில்லை, உப்புத்தளத்திலும் தரவில்லை. இரண்டு முறை விலக்கப்பட்டதால்தான் அது இங்கே இவ்வளவு திரண்டது. நம் அளத்தில் உப்பை அள்ளிக்கொண்டு கசப்புத் தண்ணீரைத் திறந்துவிடுகிறோம். அங்கே அதைத் திறந்துவிட வழி இல்லாததால் மண்ணுக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறது இயற்கை.

இந்த நிபந்தனைகள் அத்தனையும் ஒரே இடத்தில் கூடுவது அரிது. வறட்சி, வடிகால் இல்லாத பள்ளம், தாழும் தரை, எரிமலையோ வெந்நீரோ, லித்தியம் உள்ள பாறை, உவர்நீரைத் தாங்கும் அடுக்குகள், போதுமான காலம். 2013இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஒரு விளக்க மாதிரி ஏறக்குறைய இந்தப் பட்டியலைத்தான் சொல்கிறது. தார் பாலைவனத்தின் ஓரத்தில் சாம்பார் ஏரி இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. வறட்சியும் உண்டு, பள்ளமும் உண்டு. ஆண்டிஸ் போல அண்மைக்கால எரிமலைகள் பக்கத்தில் இல்லை.

இப்போது கண்டுபிடிக்கும் கதை. அட்டகாமாவில் முதலில் யாரும் லித்தியத்தைத் தேடிப் போகவில்லை. அந்தப் பக்கத்தில் சுக்கிகமாட்டா என்ற பெரிய செம்புச் சுரங்கம் இருக்கிறது. அதை நடத்திய அனகோண்டா நிறுவனம் 1962இல் சுரங்கத்துக்குத் தண்ணீர் தேடியபோது இந்த உவர்நீர் அகப்பட்டது. குடிக்கவும் ஆகாது, செம்புக்கும் ஆகாது. சோதித்துப் பார்த்தபோதுதான் லித்தியம் தெரிந்தது. 1975இல் சிலி அரசின் கோர்ஃபோ அமைப்பு அமெரிக்காவின் ஃபுட் மினரல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது; 1984இல் உற்பத்தி தொடங்கியது. ஃபுட் மினரலுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. 1966 முதலே அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கிளேட்டன் பள்ளத்தாக்கில் உவர்நீரை இறைத்து லித்தியம் எடுத்து வந்தது.

இன்றைக்குப் புதிய இடம் தேடுபவர்கள் முதலில் செயற்கைக்கோள் படத்தைத்தான் விரிக்கிறார்கள். வெள்ளையாகத் தெரியும் தரை, அதைச் சுற்றி மலை, வெளியேறும் ஆறு இல்லை, பக்கத்தில் எரிமலைப் பாறை. அடுத்தது ஜீப்பில் போய் இறங்கிக் குழி தோண்டுவது. அட்டகாமாவின் நடுப்பகுதி வழுவழுப்பான வெள்ளைத் தரை அல்ல. தூசி படிந்து பழுப்பேறி, உழுது போட்டுக் காய்ந்த களிமண் கட்டிகள்போல் கூர்கூராக நிற்கும் உப்பு. நடந்தால் செருப்பு கிழியும். அந்தக் கெட்டியை உடைத்து அரை மீட்டர், ஒரு மீட்டர் போனால் தண்ணீர் ஊறும். கைக்கு எண்ணெய்போல் வழுவழுக்கும். அடர்த்தி நல்ல தண்ணீரைப்போல 1.2 மடங்கு. பாமே மீட்டர் வைத்தால் 25ஐத் தாண்டி நிற்கும்.

பொலிவியாவின் உயூனி உப்புத்தளத்தில் ஓர்ஸ்டோம் என்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் லா பாஸ் பல்கலைக்கழகத்தினரோடு சேர்ந்து 1970களின் இறுதியில் தொடங்கி இப்படித்தான் மாதிரி எடுத்தார்கள். 10,000 சதுர கிலோமீட்டர் பரந்த அந்தத் தளத்தில் லித்தியம் சீராகப் பரவியிருக்கவில்லை. தென்கிழக்கில் ரியோ கிராண்டே ஆறு வந்து சேரும் முகத்துவாரத்தில் குவிந்திருந்தது. எரிமலை நிலத்தில் இருந்து லித்தியத்தைச் சுமந்து வருவது அந்த ஆறுதான் என்பது அந்த மாதிரிப் புட்டிகளில் இருந்தே தெரிந்துவிட்டது.

ஆனால் மேல்குழியை நம்பிப் பணம் போடக் கூடாது. மழைக்குப் பின் எடுத்தால் நீர்த்திருக்கும். கடும் வெயிலுக்குப் பின் எடுத்தால் மேலே இருப்பது மட்டும் சுண்டிப்போய் மிகையாகக் காட்டும். அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

அதற்குத் துளை போடுவதற்கு முன் தரைமேலேயே செய்யும் சோதனை உண்டு. மின்சாரத்தைத் தரைக்குள் செலுத்தி அது எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். கம்பிச் சுருளில் மின்னோட்டத்தை விட்டுச் சட்டென்று நிறுத்தி, கீழே உண்டாகும் மின்காந்தச் சலனத்தை அளப்பதும் உண்டு. நல்ல தண்ணீர் உள்ள மணலில் மின்தடை பத்துக்கணக்கான ஓம் மீட்டர் இருக்கும். செறிந்த உவர்நீரில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். ஆகவே உவர்நீர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஓரத்து நன்னீர் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பதெல்லாம் படமாக வந்துவிடும். ஈர்ப்பு விசையில் தெரியும் நுட்பமான வேறுபாட்டை அளந்து பள்ளத்தின் அடிப்பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்றும் கணிப்பார்கள். இந்தப் படங்கள் உப்பு எங்கே என்று சொல்லும், லித்தியம் எங்கே என்று சொல்லாது. வெறும் சோற்றுப்பு கரைந்த தண்ணீரும் லித்தியம் செறிந்த தண்ணீரும் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான். களிமண்ணும் சில சமயம் உவர்நீர்போல வேஷம் போடும்.

எனவே துளை போட்டே ஆக வேண்டும். இங்கேதான் நம் ஊர் போர் போடுபவர்களுக்குப் பழக்கமில்லாத சங்கடம் வருகிறது. சாதாரணமாகத் துளையிடும்போது ராடு சூடாகாமல் இருக்கவும் தூளை வெளியே தள்ளவும் நல்ல தண்ணீர் விடுவோம். உப்புப் பாறையில் நல்ல தண்ணீர் விட்டால் துளையின் சுவரே கரைந்து போகும்; கையில் வரும் மாதிரியும் கரைந்துபோகும். அதனால் ஏற்கெனவே உப்பு நிறைந்த உவர்நீரையே விட்டுத் துளையிடுகிறார்கள். அடுத்த சந்தேகம் உடனே வரும்: பின்னால் துளையில் இருந்து சோதனைக்கு எடுக்கும் தண்ணீர், அந்த ஆழத்தில் இயல்பாக இருந்ததா, நாம் மேலிருந்து விட்டதா? இதைக் கண்டுபிடிக்க விடும் தண்ணீரில் பளிச்சென்ற பச்சைச் சாயம் கலந்துவிடுவார்கள். மாதிரியில் சாயம் தெரிந்தால் அதைக் கொட்டிவிட்டு, சாயம் மறையும்வரை இறைத்த பின்பே புட்டியை நிரப்புவார்கள். துளைக்குள் மேலும் கீழும் ரப்பர் அடைப்புகளை ஊதவைத்து, குறிப்பிட்ட ஆழத்துத் தண்ணீரை மட்டும் தனியாக எடுப்பதும் உண்டு.

துளையிலிருந்து உருளை உருளையாக வரும் உப்புத் துண்டுகளை வரிசையாகப் பெட்டியில் அடுக்குகிறார்கள். ஒரு சாதாரண ஆளுக்கு அது வெறும் உப்புக்கட்டி. தெரிந்தவர் அதில் பார்ப்பது உப்பை அல்ல, உப்புக்கு நடுவே இருக்கும் ஓட்டைகளை. மேல் சில பத்து மீட்டரில் உப்பு பொத்தல் பொத்தலாக, விரல் நுழையும் குழிகளோடுகூட இருக்கும். கீழே போகப்போக மேலிருக்கும் பாரம் அழுத்தியும், தண்ணீரிலிருந்து புதிய உப்பு படிந்தும் அந்த ஓட்டைகள் அடைபட்டுப்போகும். நூறு மீட்டர், இருநூறு மீட்டர் ஆழத்தில் கண்ணாடிபோல் கெட்டியான உப்புதான் இருக்கும். தண்ணீர் இருக்க இடமே இல்லை. இதனால்தான் கனமான உப்புப் படிவு என்றவுடன் கை தட்டிவிடக் கூடாது.

உப்பு நிறைந்த இப்படிப்பட்ட தளங்களை முதிர்ந்தவை என்றும், மணலும் வண்டலும் களிமண்ணும் மாறிமாறி அடுக்கிய ஈரமான தளங்களை முதிராதவை என்றும் ஜான் ஹூஸ்டனும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் பிரித்துக் காட்டினார்கள். அட்டகாமா முதல் வகை. 2015இல் உற்பத்திக்கு வந்த அர்ஜென்டினாவின் ஒலாரோஸ் இரண்டாவது வகை. முதிராத தளத்தில் லித்தியத்தின் செறிவு பெரும்பாலும் குறைவு. ஆனால் ஓட்டைகள் ஆழம்வரை அடைபடாமல் இருக்கும். கிளேட்டன் பள்ளத்தாக்கில் நன்றாகத் தண்ணீர் தரும் அடுக்குகளில் ஒன்று பழைய எரிமலைச் சாம்பல்.

பெட்டியில் இருக்கும் துண்டைச் சோதனைக்கூடத்தில் உவர்நீரால் முழுக்க நனைத்து, பின் வடியவிட்டு, எவ்வளவு தானாக வெளியே வருகிறது என்று அளக்கிறார்கள். மொத்த ஓட்டைகளின் அளவு ஒன்று. அதிலிருந்து வடிந்து வருவது வேறொன்று. களிமண்ணில் பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கும்; ஆனால் நூற்றில் ஓரிரு பங்குதான் விட்டுக்கொடுக்கும். மீதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

"அதனால என்ன ஆயிரும்?" என்றார் அண்ணாச்சி. கணக்குப் போட்டோம். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், ஒரு மீட்டர் கனம். பத்து லட்சம் கன மீட்டர். நூற்றில் பத்து பங்கு வடியுமென்றால் ஒரு லட்சம் கன மீட்டர் உவர்நீர். கன மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ லித்தியம் என்றால் 150 டன். சந்தையில் பேசும் லித்தியம் கார்பனேட் கணக்குக்கு மாற்ற 5.32ஆல் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 800 டன். ஒரு ஸ்கூட்டர் பேட்டரிக்குச் சில நூறு கிராம் லித்தியமே போதும் என்பதால் 150 டன் சாமானியமல்ல. வடியும் அளவு பத்துக்குப் பதில் ஒன்றுதான் என்று சோதனையில் வந்தால்? 15 டன். செறிவு மாறவில்லை, பரப்பு மாறவில்லை, ஆழமும் மாறவில்லை. பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போய்விட்டது. லித்தியம் கண்டுபிடிப்பு என்று செய்தி வரும்போது நான் முதலில் தேடுவது செறிவை அல்ல, வடியும் அளவைச் சொல்லும் இந்த எண்ணைத்தான். பெரும்பாலும் செய்தியில் அது இருப்பதில்லை.

இதோடும் முடியவில்லை. தங்கமோ இரும்போ இருந்த இடத்தில் இருக்கும். பக்கத்து நிலத்துக்காரன் தோண்டினால் உன் நிலத்துத் தாது அவன் பக்கம் போகாது. உவர்நீர் போகும். ஒரு இடத்தில் இறைத்தால் மட்டம் தாழ்ந்து நாலாபுறமும் இருந்து தண்ணீர் அங்கே நகரும். முதல் வருடம் நல்ல செறிவு வரும். சில வருடம் கழித்து ஓரத்து நீர்த்த தண்ணீரும் வந்து சேரலாம். ஆகவே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பம்பை ஓட்டி, சுற்றிலும் போட்ட கண்காணிப்புக் கிணறுகளில் மட்டம் எப்படி இறங்குகிறது, செறிவு எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்கள். அதை வைத்துக் கணினியில் நிலத்தடி நீரோட்ட மாதிரி ஒன்றைக் கட்டி, இருபது முப்பது ஆண்டுகளில் உண்மையில் எவ்வளவு கைக்கு வரும் என்று கணிக்கிறார்கள். தரைக்குள் இருப்பது ஒரு எண், கைக்கு வருவது வேறு எண். சுரங்கத் தொழிலுக்காக எழுதிய விதிமுறைகள் இதற்குப் பொருந்தாமல் திணறியதால்தான் ஹூஸ்டன் குழுவே அந்த 2011 கட்டுரையை எழுதியது. லித்தியம் தேடுவது சுரங்க வேலையைவிடக் கிணற்று வேலைக்கு நெருக்கமானது.

கிணறு என்று சொல்லிவிட்டால் பக்கத்துக் கிணற்றையும் சொல்லத்தான் வேண்டும். மலையிலிருந்து வரும் நன்னீர் உப்புத்தளத்தின் ஓரத்தில் கனமான உவர்நீரை முட்டுகிறது. உள்ளே புக முடியாமல் அதன்மேல் சாய்வாக ஏறி மேலே வருகிறது. அதனால்தான் உப்புத்தளத்தின் விளிம்பில் சாக்ஸா போன்ற குளங்களும் அவற்றில் பூநாரைகளும் இருக்கின்றன. பெய்னே, டொகொனாவ் போன்ற லிக்கனந்தாய் பழங்குடி ஊர்களும் அந்த ஓரத் தண்ணீரை நம்பித்தான் நூற்றாண்டுகளாக இருக்கின்றன. நடுவில் உவர்நீரை இறைத்தால் இந்த எல்லை எவ்வளவு நகரும்? நிறுவனங்களும் ஊர்க்காரர்களும் சண்டை போடுவது இந்தக் கேள்வியில்தான். உவர்நீரை யாரும் குடிப்பதில்லை, அதை எடுத்தால் என்ன என்ற வாதம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. இரண்டும் ஒட்டிக்கிடக்கும் தண்ணீர்கள்.

2022இல் வெளியான ஓர் ஆய்வு, ட்ரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனின் அளவை வைத்து அங்கே வரும் நன்னீரின் வயதைப் பார்த்தது. அதில் பாதிக்கு மேல் அறுபது ஆண்டுகளுக்கு முந்திய மழை. அப்படியானால் இன்று பெய்யும் மழை இன்றைய இறைப்பை ஈடுசெய்யும் என்று நினைக்க முடியாது. இறைப்பின் விளைவும் உடனே கண்ணுக்குத் தெரியாது. 2024இல் ரேடார் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு, இறைக்கும் கிணறுகள் உள்ள தென்மேற்குப் பகுதியில் தரை ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்குவதாகக் காட்டியது.

உவர்நீரை வெயிலில் காயவிடும் பாத்திகளுக்கு மாற்று இருக்கிறதா என்றால் இருக்கிறது. உவர்நீரை ஒரு ஒட்டும் பொருளின் ஊடே செலுத்தி லித்தியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பி மண்ணுக்குள் விடும் முறைகள் வந்துகொண்டிருக்கின்றன. அர்ஜென்டினாவின் ஓம்ப்ரே முயெர்டோவில் 1990களின் இறுதி முதலே லித்தியத்தை மட்டும் பிடிக்கும் இப்படி ஒரு முறை பாத்திகளோடு சேர்ந்து ஓடுகிறது. இந்த முறையால்தான் வெயில் இல்லாத இடங்களின் ஆழத்து உவர்நீர்களுக்கும் மவுசு வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தில் ஸ்மாக்கோவர் என்ற ஜுராசிக் காலச் சுண்ணாம்புப் பாறையில் இருந்து புரோமின் எடுப்பதற்காக 1950களில் இருந்தே உவர்நீர் இறைக்கிறார்கள். அதே தண்ணீரில் லித்தியமும் இருக்கிறது. அங்கே எண்ணெய்க் கிணறுகளின் பழைய பதிவுகளே தேடுபவர்களுக்குப் பாதி வேலையை முடித்துத் தந்துவிடுகின்றன.

"நம்ம ஊர்ல காஷ்மீர்ல கெடச்சுதுன்னு சொன்னாங்களே, அது இதுதானா?"

இல்லை. 2023 பிப்ரவரியில் ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் என்று அறிவித்தது வேறு வகை. பாறையும் களிமண்ணும் சார்ந்தது. உவர்நீர் அல்ல. அந்த 59 லட்சமும் லித்தியம் கலந்த தாதுவின் எடை, லித்தியத்தின் எடை அல்ல. செய்தித்தாள்களில் பல இந்த வித்தியாசத்தைத் தாண்டிக் குதித்துவிட்டன.

உவர்நீரில் இந்தியா கால் வைத்திருப்பது அர்ஜென்டினாவில்தான். 2024 ஜனவரியில் காபில் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நம் அரசு நிறுவனம், கட்டமார்க்கா மாநில அரசின் காம்யென் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, ஐந்து உவர்நீர்த் தொகுதிகளில் 15,703 ஹெக்டேர் பரப்பில் ஆய்வு செய்யும் உரிமையைப் பெற்றது. செலவு ஏறத்தாழ 200 கோடி ரூபாய் என்றார்கள். கோர்டடேரா என்ற பெயரில் நான்கு தொகுதிகள் அதில் வருகின்றன. கையெழுத்தானபோது கிடைத்தது தேடுவதற்கான அனுமதி. அந்த மண்ணுக்குள் எவ்வளவு ஆழம்வரை உவர்நீர் இருக்கிறது, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், ஒரு கிராம் லித்தியத்துக்கு எத்தனை கிராம் மக்னீசியம், நூற்றில் எத்தனை பங்கு வடியும், இறைத்தால் எந்தத் திசையிலிருந்து எந்தத் தண்ணீர் உள்ளே வரும் என்பவற்றைத் துளைபோட்டும் பம்பு ஓட்டியும்தான் சொல்ல முடியும்.